மழைதான் காரணம் என்றேன்

எழுபதுகளின் நடுவில் ஓர் ஒக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை பிற்பகல், ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பதினான்காம் மாடி வீட்டுக்கு ஒரு ரெலிபோன் வந்தது. என் கணவரின் பெயரைச் சொல்லி, நான் அவருடைய மனைவியா என்று ஓர் ஆண்குரல் கேட்டது. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தன்னை ஓர் அமெரிக்கச் சிறுநகரத்தின் பொலிசுக்கும் சிறைக்கும் பொறுப்பான ஷெரிப் என்று அறிமுகப்படுத்தினார் அந்த மனிதர். அந்த ஒழுங்குக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

என் கணவர் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவர். அந்தத் தொழிற்சாலை விற்ற இயந்திரம் ஒன்று எல்லைக்கு அப்பால், அந்தச் சிறுநகரத்தின் காகித ஆலையில் நின்றுபோய்விட்டது. இரண்டு நாளில் திரும்புவேன் என்று சொல்லித் திங்கள் விடியக் காரில் புறப்பட்டவர், ஆலைக்கு ஒரு மைல் இருக்கையில், மழைக்குள், தெருவைக் கடந்த ஒரு கிழவரை இடித்துவிட்டார். கிழவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் பிழைப்பாரா என்று தெரியும்வரை பிணை இல்லை. எல்லையைத் தாண்டிப் போய்விட்டால் இவரை யார் பிடிப்பது என்று நீதிபதி சொல்லிவிட்டாராம்.

பக்கத்து வீட்டில் சென்னையிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் என் நான்கு வயது மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நீங்க கெளம்புங்க. எத்தனை நாளானாலும் குழந்தை எங்க வீட்டுல இருக்கட்டும்."

மறுநாள் எல்லையில் அதிகாரி பஸ்ஸுக்குள் ஏறி என் பத்திரங்களை நெடுநேரம் பார்த்தார். எதற்குப் போகிறாய் என்று கேட்டார். கணவர் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார், பார்க்கப் போகிறேன் என்றேன். அது பொய் இல்லை.

அந்த நகரம், அரசாங்கக் கந்தோர்கள் கூடியிருக்கும் எங்கள் ஊர்க் கச்சேரியடியைப் போல. சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் நீதிமன்றம், காணிப் பதிவு, வரி கட்டும் கந்தோர், சிறை எல்லாம் அங்கேதான். எல்லாம் ஒரே சதுக்கத்தைச் சுற்றி. வழி கேட்க ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண், "நீங்கள் அந்தக் கனடாக்காரரின் மனைவியா?" என்று கேட்டாள். இடிபட்ட கிழவர் முப்பது வருடம் பாடசாலை பஸ் ஓட்டியவர் என்பதையும் அவள்தான் சொன்னாள். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் சின்ன வயதில் அவருடைய பஸ்ஸில் போனவர்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. நான் வெளியே வரும்வரை ஒருவரும் சாப்பிடவும் இல்லை.

சிறை, நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு செங்கல் வீடு. முன்பக்கத்தில் ஷெரிப்பின் குடும்பம், பின்பக்கத்தில் கம்பி போட்ட அறைகள். கைதிகளுக்குச் சமைப்பது ஷெரிப்பின் மனைவி. கதவைத் திறந்ததும் அவள் கேட்டது, "இரண்டு நாளாக அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. என் சமையலில் என்ன குறை?" என்றுதான். குறை எதுவும் இல்லை என்று சொல்லி, அவளுடைய குசினியில் சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்தேன். அவள் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள்.

என் கணவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் றோட்டைப் பார்க்கேல்லை," என்றார். "ஆலைக்கு வழி தேடிச் சீற்றிலை கிடந்த மப்பைப் பார்த்தனான். ஒரு செக்கன்தான். நிமிரேக்கை அந்த மனுசன் முன்னாலை நிண்டது."

"ஆருக்கும் சொன்னீங்களே?"

"இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை நீதவானுக்குச் சொல்லப்போறன்."

"சொல்லாதேங்கோ," என்றேன். "மழை எண்டுதானே எல்லாரும் சொல்லினம். உங்களுக்காகக் கோட்டிலை பேசப்போற சட்டத்தரணியும் அதைத்தானே சொல்லச் சொல்றார். பிள்ளையை யோசியுங்கோ. கனடாவிலை இருந்து எங்களைத் திருப்பி அனுப்பினா என்ன செய்யிறது?"

ஷெரிப் வந்து நேரம் முடிந்தது என்றார்.

வியாழக்கிழமை காலை கிழவர் கண் திறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஷெரிப்பின் மனைவி தன் காரில் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். "அவருடைய மனைவியை நீ பார்ப்பதுதான் முறை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது," என்றாள்.

கிழவரின் மனைவியான அந்த அம்மா மெலிந்த உயரமான பெண். என்னைப் பக்கத்துக் கதிரையில் இருக்கச் சொன்னார். கிழவரின் இடுப்பெலும்பு உடைந்திருந்தது; நடப்பாரா என்று தெரியாது, ஆனால் உயிருக்குப் பயமில்லை. நான் அழுதேன். அவர் அழவில்லை.

"ஒன்று கேட்கவேண்டும்," என்றார். "வழக்குக்காக இல்லை. இவர் கவனமில்லாமல் தெருவில் இறங்கிவிட்டார், வயது போய்விட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பத்திரமாக ஏற்றி இறக்கியவர். அதைக் கேட்டால் உடைந்துபோவார். உன் கணவர் தெருவைப் பார்த்துத்தான் ஓட்டினாரா?"

"பார்த்துத்தான் ஓட்டினார்," என்றேன். "மழைதான் காரணம்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவருடைய கண்கள் என் முகத்தைவிட்டு நகராததால், "உங்கள் கணவர் திடீரென்று இறங்கிவிட்டாராம்," என்றும் சொன்னேன். அவர் மெல்லத் தலையாட்டி என் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நீதிமன்றம் நிறைந்திருந்தது. சாப்பாட்டுக் கடைப் பெண்கூட ஏப்ரனோடு வந்து பின்சுவரோடு நின்றாள். சட்டத்தரணி மழையைப் பற்றிப் பேசி முடித்ததும் என் கணவர் எழுந்தார். தான் மப்பைப் பார்த்ததை, வேகத்தைக் குறைக்காததை, கிழவர் ஒழுங்காகத்தான் கடந்துகொண்டிருந்தார் என்பதை எல்லாம் சொன்னார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. முன்வரிசையில் இருந்த அந்த அம்மாதான் திரும்பினார். கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். முதல்முறை பார்க்கும் ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, சிறையில் இருந்த நாட்கள் போதும் என்றும், அந்த மாநிலத்தில் இவர் இனிக் கார் ஓட்டக்கூடாது என்றும் சொல்லி விட்டுவிட்டார். வெளியே நடையில் அந்த அம்மா நேரே என் கணவரிடம் வந்து கையைப் பிடித்தார். "இதை அவரிடம் போய்ச் சொல்கிறேன்," என்றார். என்னைக் கடந்து படியிறங்கிப் போனார். ஷெரிப்பின் மனைவி வழிக்கென்று ஆப்பிள் கேக் பொதி ஒன்றை என் கணவரிடம் கொடுத்தாள்.

பஸ் எல்லையைத் தாண்டியபிறகு என் கணவர் கேட்டார். "நீர் சொன்னதை நான் கேக்கேல்லை எண்டு கோவமோ?"

"இல்லை," என்றேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் நான்கு நாளுக்குப் பிறகு அப்போதுதான் கண்ணயர்ந்தார். ரொறொன்ரோ வந்து சேர்ந்தபிறகும் சொல்லவில்லை.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு அந்த அம்மாவிடமிருந்து ஒரு கார்ட் வந்தது. கிழவர் பொல்லை ஊன்றிச் சதுக்கம்வரை நடக்கிறாராம். உறையில் என் கணவரின் பெயர் மட்டும் இருந்தது, உள்ளேயும் அப்படித்தான்.

"உம்மடை பேரை எழுத மறந்திட்டா போலை," என்றார்.

"ஓம்," என்றேன்.

அடுத்த வருடமும் கார்ட் அப்படியேதான் வந்தது. அவர் அதையே சொன்னார். நானும் அதையே சொன்னேன்.