மைக் டீச்சரும் பலகைத் தடுப்பும்

மைக் டீச்சர் மைக்கைத் தொட்டதே இல்லை. தேவைப்படவில்லை. அவர் வாய்ப்பாடு சொல்லித் தந்தால் வாசலில் நிற்கும் சைக்கிள்களின் மணி தானாக அதிரும்.

அவர் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கத்து டீச்சர் அவருடைய நாத்தனார். நாத்தனார் பேசினால் முதல் பெஞ்சுக்கே பாதிதான் போய்ச் சேரும்.

முன்பெல்லாம் மேலே யாருக்காவது ஒன்று தோன்றினால் மறுநாளே நாட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகள் தலையிலும் கட்டிவிடுவார்கள். அந்த வருடம் கல்வித்துறைக்கு நல்ல புத்தி வந்தது. ஒரு வகுப்பில் புது முறை, இன்னொன்றில் பழைய முறை. பரீட்சை வைத்து ஒப்பிட்டு, பலன் தெரிந்தால்தான் மற்ற பள்ளிகளுக்கு. புது முறை நாத்தனாருக்கு வந்தது. மனப்பாடம் கிடையாது, பிள்ளைகளே கூழாங்கல் அடுக்கிப் பெருக்கலைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் ஒரு மூட்டை கல் பொறுக்கி, கழுவி, காயவைத்தார்.

"அண்ணி, இந்தச் சோதனைல என் வகுப்பு கணக்குல வரணும். கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்."

"நான் எப்பம்மா சத்தமா பேசினேன்?"

மாடியிலிருந்து தலைமை ஆசிரியர் இறங்கி வந்து, "என்னையா கூப்பிட்டீங்க?" என்றார்.

பரீட்சை முடிந்தது. நாத்தனார் வகுப்புத் தாள்களைப் புரட்டிய ஆய்வு அதிகாரியின் புருவம் மேலே போனது. எல்லாத் தாளிலும் இருந்தது: 'ஏழெட்டு ஐம்பத்தாறு, ஜன்னலைச் சாத்து. ஏழொன்பது அறுபத்து மூன்று, பென்சிலைக் கடிக்காதே.'

பலகை வழியாகக் கேட்ட பிள்ளைகளுக்கு எது வாய்ப்பாடு, எது திட்டு என்று எப்படித் தெரியும்?

"கல்லால படிச்சாங்களா, காதால படிச்சாங்களான்னு எப்படிச் சொல்றது? இந்தப் பள்ளியைக் கணக்குல சேர்க்காம விட்டுடறேன்" என்றார் அதிகாரி.

நாத்தனார் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து மைக் டீச்சர் அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், இன்னொரு பரீட்சை வைங்க. நான் மைதானத்துக்கு அந்தப் பக்கம் போயிடறேன்."

விளையாட்டுச் சாமான் கொட்டகைக்கு வகுப்போடு குடி போனார். ஜன்னல் இல்லை, கூரை முழுக்கப் பல்லி.

மறு பரீட்சையில் எட்டாம் வாய்ப்பாடு. நாத்தனாரே முதல் தாளை எடுத்துப் படித்தார். 'எட்டாறு நாற்பத்தெட்டு, பல்லி ஒண்ணும் பண்ணாது, உட்காரு.'

அதிகாரி மைதானத்தின் நீளத்தை ஒரு முறை கண்ணால் அளந்தார். பிறகு, "கல் மூட்டையை எடுத்துக்கிட்டு அடுத்த ஊர்ப் பள்ளிக்கு வாங்கம்மா. அங்க புதுசா ஆரம்பிப்போம். கண்டிப்பா கணக்குல வரும்" என்றார்.

மூட்டையை பஸ் வரை தூக்கி வந்தது மைக் டீச்சர்தான். "நல்லா பண்ணும்மா" என்று காதோடு ரகசியமாகச் சொன்னார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள்.

நாத்தனார் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"அடுத்த ஊர் எவ்வளவு தூரம் சார்?"

"பத்து கிலோமீட்டர் இருக்கும்."

"காத்து எந்தப் பக்கமா அடிக்கும்?"