கமலியின் கறுப்புப் பொட்டுகள்

ஆம்பூரில் விடிவது மூக்குக்குத்தான் முதலில் தெரியும். பட்டை வண்டிகளின் சத்தத்துக்கு முன்னாலேயே, தோல் தொட்டிகளில் ஆவாரம்பட்டை ஊறும் வாடை கதவிடுக்கு வழியாக வந்து எழுப்பிவிடும். எங்கள் மாயவரத்து ஜனங்களே, நீங்கள் மூக்கைப் பொத்துவது இங்கிருந்தே தெரிகிறது. நானும் பொத்தியவள்தான். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தா வேலை கிடைத்ததால் வந்தோம். வாடையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், வந்த நாளிலிருந்து என் நாலு வயசு மகள் கமலி வாயே திறக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தை பிறந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரோடு போய்விடுவதாக அவரிடம் சொல்லியும்விட்டேன்.

எங்கள் ஊரில் கோலம் என்றால் சும்மாவா? ஒரு வளைவு கூடாமல் நின்றாலும் அம்மா சொம்புத் தண்ணீரை ஊற்றி அழித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொல்வாள். கோலமாவைப் பிள்ளைகள் தொடவே கூடாது. அந்தச் சட்டத்தையும் பெட்டியோடு கட்டி ஆம்பூருக்குக் கொண்டுவந்திருந்தேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஹாஜிரா, கமலி விளையாடட்டும் என்று ஷாப்பில் கழித்துப்போட்ட தோல் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். காலையில் நான் இரும்புச் சட்டியில் கரைத்துவைத்த புளித்தண்ணீரில் கையை முக்கி, கமலி அந்தத் தோலின்மேல் பதித்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து விரலும் கறுப்பாக எழும்பின. தேய்க்கத் தேய்க்க இன்னும் பரவியது. பிறத்தியார் பொருளைப் பாழாக்கிவிட்டோமே என்று ஓடிப்போய் ஹாஜிரா முன்னால் துண்டை நீட்டிக் கையைப் பிசைந்தேன். அவளுடைய உருது கலந்த பேச்சில் பாதி எனக்குப் புரியாது. என் வேகம் அவளுக்குப் புரியாது. நான் இன்னும் வேண்டுமென்று கேட்பதாக நினைத்து, உள்ளே போய் ஒரு மடி நிறைய அள்ளிவந்தாள். பிறகுதான் விரல்தடத்தைக் கவனித்தாள்.

"இரும்புச் சட்டில கரைச்ச புளியா? பட்டையில ஊறின தோல்ல இரும்பு பட்டா கறுத்துடும் அக்கா. எங்க ஊட்டுக்காரரு தொட்டியாண்ட ஒரு ஆணியக்கூட விடமாட்டாரு" என்று சிரித்தாள்.

அன்று மத்தியானம் கமலி துண்டு துண்டாக எடுத்து, புளித்தண்ணீரில் விரலை முக்கிப் பொட்டு வைத்தாள். பழக்கதோஷம், நான் சும்மா இருப்பேனா? அந்தப் பொட்டுகளைச் சுற்றிச் சிக்குக் கோலமாக வளைத்து மூடினேன். அவள் என் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாம்மா, அடைச்சிட்ட? அது எப்படி வெளிய போவும்?"

வாய் திறந்ததும் ஆம்பூர்ப் பேச்சு; சுவரோரம் உட்கார்ந்து தெருவின் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு. அடுத்த துண்டில் கோட்டைத் திறந்தே விட்டேன். அவளுடைய பொட்டுகள் அந்த வழியாகத் தோலின் ஓரம்வரை போயின. அது அழகாகத்தான் இருந்தது.

தைக்கு மாயவரம் போனோம். அம்மாவின் இரும்புச் சட்டியில் புளியைக் கரைத்து, கமலி வாசல்படியில் கையைப் பதித்தாள். ஈரம்தான் நின்றது, கறுக்கவில்லை.

"இங்க வராதும்மா. நம்ம ஊருக்குப் போலாம்."

அப்படியானால் இது யார் ஊராம் என்று அம்மா என்னைக் கேட்டாள். நான் மாவை அள்ளிக் குனிந்தேன். நகக்கண்ணில் ஆம்பூர்க் கறுப்பு இன்னும் போகவில்லை. கடைசி வளைவை மூடாமல் நிமிர்ந்தேன். அம்மா சொம்பைக் கையில் எடுத்தாள். கமலியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.