மலையேறிய கிணற்றுத் தண்ணீர்

உடுவிலில் எங்கள் வீட்டைச் சுற்றி ஏறுவதற்கென்று இருப்பது கிணற்றுக்கட்டு ஒன்றுதான். அப்படிப்பட்ட சமதரையில் வாழும் நானும் கணவரும் போன ஐப்பசியில் மலைநாட்டுக்குப் போய், செங்குத்தான மூன்று சிகரங்களை ஒரே பகலில் நடந்து கடக்கத் துணிந்தோம். அவருடைய முதுகுப்பை நிறைய எங்கள் கிணற்றுத் தண்ணீர், போத்தல் போத்தலாக.

வழியெல்லாம் ஓடைகள் ஓடின.

"இவ்வளவு தண்ணி இஞ்சை ஓடுது. உந்தப் பாரத்தை ஏன் காவுறியள்?" என்றேன்.

"கண்ட தண்ணி குடிக்கக் கூடாது. பேசாமல் நடவும்."

இரண்டாவது சிகரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. பாரத்தைக் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. விடுவிடென்று முன்னால் நடந்து, அவர் கண்ணில் படாமல் ஒவ்வொரு ஓடையிலும் வேண்டுமென்றே அள்ளிக் குடித்தேன்.

கடைசிச் சிகரத்துக்குச் சற்றுக் கீழே திரும்பிப் பார்த்தேன். பையை இறக்கிவைத்துவிட்டு, மனிதர் ஓடையில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்கடை கிணத்துத் தண்ணி?" என்று கிட்டப் போய்க் கேட்டேன்.

"எனக்கு எந்தத் தண்ணியும் ஒத்துக்கொள்ளும். தண்ணி மாறினால் மூக்கடைச்சுத் தடிமன் பிடிக்கிறது உமக்கெல்லோ" என்று ஒரு போத்தலைத் திறந்து நீட்டினார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். தும்மல்தான் வந்தது.