சவரிமுத்துவின் சைக்கிள் கடையும் செய்தி வகுப்பும்

போன வாரம் தெரசா, திருச்சியில் நான் பிழை திருத்தும் அச்சகத்துக்கு வந்திருந்தாள். ஏலாக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருப்பவள். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், சவரிமுத்து அண்ணன் போயிட்டாரு. அவங்க அக்கா வூட்டுலதான். அடக்கமும் ஆயிடுச்சு."

"அரியலூரிலிருந்து யார் வந்தார்கள்?"

"ஒருத்தரும் வரல சார்."

அரியலூரில்தான் அவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்த ஊரில் பாதிப் பேர் சைக்கிள் ஓட்டக் கற்றது அவருடைய வாடகைச் சைக்கிளில். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தும் அறியாதவர் போல் இருந்துவிட்டவர்களும் படிக்கட்டும்.

யுத்தம் தொடங்கிய காலத்தில் நான் திருச்சியில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு தெருவில் காலரா பரவியது. சர்க்கார் ஆபீசிலிருந்து வந்த தகவலை வைத்து, 'நோய் கட்டுக்குள் இருக்கிறது. பயப்பட ஏதுமில்லை' என்று செய்தி வெளியாயிற்று. சில நாள் கழித்து ஒருவர் அந்தப் பத்திரிகையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். நகக்கண்களில் கிரீஸ் கறை.

"இதை எழுதினவரு அங்க வந்தாருங்களா?" என்று கேட்டார். யாரும் போகவில்லை என்று சொன்னேன்.

"எங்க மச்சானையும் அக்கா புள்ளையையும் புதைச்சுட்டு வரேன். சாவையாவது நேர்ல பாத்துட்டு எழுதக் கூடாதா?"

ஆசிரியர் தலையை நிமிர்த்தாமலே, அந்த ஆளை வெளியே அனுப்பச் சொன்னார். தெருவரை நான் கூடப் போனேன். "நேர்ல போறதுக்கு ஆளு இல்லையா, மனசு இல்லையா?" என்றார் சவரிமுத்து. ஆள் இல்லை என்றேன். அது பாதி உண்மை.

பிறகு காகிதப் பஞ்சம் வந்தது. பத்திரிகை பக்கங்களைக் குறைத்தது, ஆட்களையும் குறைத்தது. வேலை போய் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவரே தேடி வந்தார். "ஆளு இல்லைன்னீங்கள்ல? தயார் பண்ணுவோம், வாங்க சார்" என்றார். கடைக்குப் பின்னால் டயர் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து இரண்டு பெஞ்சு போட்டார். சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். விசாரிப்பது, குறித்துக்கொள்வது, எழுதுவது எல்லாம் நான் கற்பிப்பேன். என் சாப்பாடும் சம்பளமும் கடையிலிருந்து வந்தன. ஞாயிற்றுக்கிழமை கடையின் சைக்கிள் எதுவும் வாடகைக்குப் போகாது. மாணவர்கள் ஏறிக்கொண்டு கிராமங்களுக்குச் செய்தி தேடிப் போவார்கள். வாடகை நஷ்டமாகிறதே என்று கேட்டால், "நடந்து போனா நாலு ஊரு பாக்க முடியுமா?" என்பார்.

வகுப்பில் கலியன் என்று ஒருவன். கீழப்பழுவூருக்கு அடுத்த சேரியைச் சேர்ந்தவன், அப்பன் பண்ணையாள். வகுப்பிலேயே நன்றாக எழுதியவன் அவன்தான். அவன் தன் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய மனிதர் கடை வாசலில் சத்தம் போட்டார். அவனைத் தரையில் உட்காரவைக்க வேண்டும் என்றார். சவரிமுத்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "ஒங்க புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. பெஞ்சு இங்கதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அவர் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் இன்னும் இருவர் நின்றுவிட்டார்கள்.

அரிசியைக் கார்டுக்கு அளந்து கொடுத்த கன்ட்ரோல் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு கிராமத்துக் கன்ட்ரோல் கடையில் சேரிச் சனங்களுக்கு 'அரிசி வரல, நாளைக்கு வா' என்ற பதில்தான். அவர்கள் கார்டில் மட்டும் அரிசி கொடுத்ததாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. கடையை நடத்தியவர் அரியலூர் நெல் மண்டி முதலாளி. அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். சவரிமுத்துவின் பெயர் இருக்கும் தாளில் அது வேண்டாம். கலியனும் தெரசாவும் சைக்கிளில் போய் வீடு வீடாகக் கேட்டார்கள். "எழுதிக்க தாயி, எம்பேரையும் எழுதிக்க. புள்ள புளியங்கொட்டைய வறுத்துத் தின்னுட்டுப் படுத்திருக்கு" என்று ஒரு கிழவி தெரசாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். கலியன் எழுதினான், பெயர் போடாமல் திருச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அதிகாரிகள் வந்தார்கள். சேரிக்கு அரிசி கிடைத்தது. முதலாளியை எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு சவரிமுத்துவின் கடைக்கு டயர், டியூப் பர்மிட் நின்றுபோயிற்று. யுத்த காலத்தில் அது இல்லாமல் புது டயர் வாங்க முடியாது. தாலுகா ஆபீசிலிருந்து வந்த குமாஸ்தா நயமாகத்தான் பேசினார். "எழுதினது யாருன்னு பேரச் சொல்லிடுங்க. அடுத்த மாசமே பர்மிட் வந்துடும்."

கலியன் உள்ளே இருந்தான். அவன் அப்பன் வேலை பார்த்த பண்ணை, முதலாளியின் சம்பந்தி வீட்டுடையது. பெயர் வெளியே போனால் அந்தக் குடும்பத்துக்குக் குடிசை மிஞ்சாது. அவன் எழுந்து வெளியே வரப் போனான். சவரிமுத்து பின்னால் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"இந்தக் கடையிலேருந்து போன செய்தி. கடை என்னுது. என் பேரையே எழுதிக்குங்க."

பர்மிட் வரவேயில்லை. கிழிந்த டயரை வார் வைத்துத் தைத்து ஓட்டினார். ஒட்டின் மேல் ஒட்டுப் போட்ட டியூப்கள் பாதி வழியில் காற்றை விட்டன. வகுப்பைத் திறந்துவைத்து மாலை போட்டுக்கொண்ட வக்கீலிடம் போனோம். நேரம் சரியில்லை என்றார். அரிசி வாங்கிய தெருவுக்கு வாடகைச் சைக்கிள் எடுக்க வக்கில்லை. வக்கிருந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். ஒவ்வொரு சைக்கிளாக விற்றார். கடைசியில் வகுப்பறைப் பெஞ்சையும் விற்றுவிட்டு, பெரம்பலூரில் இன்னொருவர் கடையில் கூலிக்குப் பஞ்சர் ஒட்டப் போனார்.

அந்த வகுப்பிலிருந்து பத்திரிகைக்குப் போனவர் ஒருவருமில்லை. கலியனை ஓர் ஆசிரியரிடம் அழைத்துப் போனேன். எழுத்தைப் படித்துவிட்டு அபாரம் என்றார். பிறகு எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார். கலியன் இப்போது ரயில் பாதையில் ஜல்லி போடுகிறான்.

நேற்று முன்தினம் அரியலூரில் சவரிமுத்துவுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. அவருடைய புன்னகையையும் கொடைக் குணத்தையும் புகழ்ந்தார்கள். தலைமை அதே மண்டி முதலாளி. "சவரிமுத்து எனக்குக் கூடப் பொறந்த தம்பி மாதிரி. யார் மேலயும் வருத்தம் வச்சுக்காத மனுசன். எல்லாத்தையும் மன்னிச்சுட்டுத்தான் போயிருக்காரு" என்று பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடியிருந்த அரியலூர்க்காரர்களே, நீங்கள் கை தட்டினீர்கள். நான் பேச எழுந்தேன். நேரமாகிவிட்டது என்று உட்காரவைத்தீர்கள்.

பேசவிட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். கோடையில் பெரம்பலூருக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பேச்சுக்கிடையில் இருமல் வந்து அவரை வளைத்துப் போட்டது. அடங்கியதும் சொன்னார்:

"நான் போனா நீங்க ஏதாச்சும் எழுதுவீங்க சார். மன்னிச்சுட்டான்னு மட்டும் முடிச்சுடாதீங்க. அது பொய்ச் செய்தி. கடை போனது போவட்டும். அத்தனை புள்ளைங்க எழுதக் கத்துக்கிட்டு, எழுத எடமில்லாம நிக்குதுங்க. அத நான் மன்னிக்க மாட்டேன்."

"மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக் கேட்கும்போது என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"அவருகிட்டயும் இதைத்தான் சொன்னேன்."

அவருடைய புன்னகையையும் கொடைக் குணத்தையும் இரங்கல் கூட்டம் எடுத்துக்கொண்டது; இருக்கட்டும். அந்த மன்னிக்காத மனத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.