பீடத்தைப் பார்க்கும் கப்பல்

மூன்று தெரு, ஒரு படகுத்துறை. ஸ்கார்ஹவுன் என்ற டென்மார்க் தீவு ஊர் அவ்வளவுதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் போகாத துறைமுகம் உலகத்தில் கிடையாது. போனவர்கள் திரும்பி வரவேண்டும் என்றுதான் தேவாலயக் கூரையிலிருந்து ஒரு சின்னப் பாய்மரக் கப்பலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் மூக்கு பீடத்தைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும்.

முப்பத்தொரு வருஷமாக அந்தத் தேவாலயத்தைப் பெருக்கித் துடைக்கும் போடில், வெள்ளிக்கிழமை காலை வாளியோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் பழுதுபார்த்து மாட்டிய கப்பல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகன் எஸ்பென் சரக்குக் கப்பலில் தென்னமெரிக்காப் பக்கம் இருந்தான். வீடு வந்துசேர இன்னும் ஐந்து வாரம்.

சபைத் தலைவர் ப்ரெபென் ஓய்வுபெற்ற மாலுமி, அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். நேரே போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“கப்பலத் திருப்பி மாட்டச் சொன்னது யாருடா?”

“நான்தான். ஊரச் சுத்திப் பாக்க வர்ற ஜனங்க வாசல்ல நின்னுதானே படம் எடுக்கறாங்க? பின்பக்கத்தையா எடுப்பாங்க?”

“நாளைக்குப் படத்துக்காகப் போதகரையும் வாசல்லயே நிக்க வெப்பியா? அது ஊரவிட்டுப் போற கப்பல்டா!”

“மரப் பொம்மை, போடில். அது எங்க போகப்போவுது?”

“நீ கடல்ல இருந்த இருபது வருஷமும் உங்கம்மா அந்தப் பொம்மைக்குக் கீழதான் உக்காருவா. அவகிட்ட இதச் சொல்லியிருப்பியா?”

ப்ரெபென் காப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். “சரி, அடுத்த மாசக் கூட்டத்துல பேசலாம்.”

“நீ கூட்டம் போடு. நான் ஏணி போடறேன்.”

உயரம் என்றால் போடிலுக்குக் குலைநடுக்கம். ஜன்னல் துடைக்கக்கூட நாற்காலியில் ஏறமாட்டாள். அன்று கப்பலுக்குக் கீழே ஏணியைப் போட்டு ஏறினாள். ஏழாவது படியில் கால் வெடவெடத்தது, ஏணியும் சேர்ந்து ஆடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு எட்டாவது படியில் கால்வைத்தபோது ஆட்டம் நின்றிருந்தது. கீழே ப்ரெபென் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கீழ பாக்காத, கிழவி! கப்பல் சுத்தாமப் பிடிக்கற ஆணிய உருவு. இப்பத் திருப்பு... இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும், ஆணியச் சொருகு!” பழைய மாலுமிக் குரல் தேவாலயம் முழுக்க அதிர்ந்தது.

அவள் இறங்கி மூச்சுவிடுவதற்குள் பதினொரு மணிப் படகில் வந்த கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு பெண் கைபேசியை உயர்த்தினாள், உதட்டைப் பிதுக்கினாள்.

“இங்கேருந்து பின்பக்கம்தான் தெரியுது. கொஞ்சம் திருப்பி வைக்க முடியாதா?”

ப்ரெபென் வாயைத் திறப்பதற்குள் போடில் முந்திக்கொண்டாள்.

“முடியாதும்மா. எம்பையன் வீட்டுக்கு வந்துட்டிருக்கான். கப்பலோட முகத்தப் பாக்கணும்னா உள்ள வந்து முன்னாடி உக்காருங்க.”