சூசையின் இடது கை

1940களில் புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். அங்கே மனநோயாளிகள் வார்டில் மலேரியா ஆராய்ச்சி நடந்தது. வாரம் ஒருமுறை ஒவ்வொருவர் விரலிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுப்பது என் வேலை. எனக்கு வாகாக இருந்ததால் வலது கையிலேயே குத்துவேன். சம்மதம் என்று சொந்தக்காரர்கள் கைநாட்டு வைத்திருந்தார்கள். நோயாளிகளை யாரும் கேட்டதில்லை.

கட்டுமாவடி மீனவர் சூசை மட்டும் திமிறுவார். வார்டு ஆட்கள் இருவர் அவரை அமுக்கிப் பிடிக்க, நான் குத்துவேன். அவர் சீட்டில் ‘முரடன்’ என்று எழுதியதும் நான்தான். இப்போது சொல்லவே கூசுகிறது.

ஒருநாள் பிடிக்க ஆள் வரவில்லை. பயந்துகொண்டே, “ரத்தம் எடுக்கலாமாங்க?” என்றேன்.

ஏறிட்டுப் பார்த்தார். “எதுக்குங்க?”

“குளிர் காய்ச்சலுக்கு எந்த மருந்து கேக்குதுன்னு பாக்கிறாங்க.”

இடது கையை நீட்டினார்.

“இங்கிட்டு எடுத்துக்கங்க. வலது கை வலை பின்னுற கைங்க. வெரலு புண்ணாயிட்டா, ஊருக்குப் போயி நான் எப்படிப் பொழைப்பேன்?”

சூசை அசையாமல் உட்கார்ந்திருந்தார். இடது விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன்.

சீட்டில் எழுதியதை அன்றே அடித்துவிட்டேன். ஆனால் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டிய மனிதர் என்பது, ஒரு வருஷமாக அந்த வலது கை விரலைக் குத்தியும் அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.