அடுப்படியில் ஓடிய ஆறு

எங்கள் அத்தை வீட்டு அடுப்படியில் ஆறு ஓடுகிறது என்று முதலில் சொன்னவர் சர்வேயர். அத்தை என்றால் அப்பாவுக்கு ஒரே தங்கை. அக்கரையில் பிறந்து இக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். மாமா செங்கல் சூளைக்காரர்.

ஒரு வெள்ளத்தில் ஆறு அக்கரை வயல்களை அறுத்துக்கொண்டு அந்தப் பக்கமே ஒதுங்கிவிட்டது. பழைய படுகை மேடு தட்டிப்போனது. அந்த வண்டலில் கல் அறுத்துச் சுட்டு அங்கேயே வீடு கட்டிவிட்டார் மாமா. சர்வேயர் விரித்த பழைய வரைபடத்துக்கு இதெல்லாம் தெரியுமா? அதில் ஆறு இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு ஊருக்கும் எல்லை அந்த ஆற்றின் நடு. அப்படிப் பார்த்தால் வாசல் அறை இக்கரைக்கு, அடுப்படி அக்கரைக்கு.

நிலம் பறிகொடுத்த அக்கரைக்காரர்கள் சும்மா விடுவார்களா? கடப்பாரையோடு வந்தார்கள். முன்னால் நின்றவர் எங்கள் பெரியப்பா, அத்தையின் மூத்த அண்ணன்.

"அடுப்பத் தூக்கி வாசல் பக்கம் வச்சுக்க தங்கச்சி. பின்சுவரு எங்க ஊரு. இடிக்கப்போறோம்."

"ஏண்ணே, இங்க ஆறு ஓடுதாமே? குடம் கொண்டாந்திருந்தா மொண்டுட்டுப் போயிருக்கலாமே," என்றாள் அத்தை.

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகிப்போனது. பெரியப்பா ஓங்கி ஒரு குத்து விட்டார், சுவர் பொத்துக்கொண்டது. மாமா ஓட்டையை மறித்து நின்றார்.

"மச்சான், அடுத்த குத்து என் மேலதான் விழணும்."

"விழட்டும்டா."

விழுந்தது. மண்டை பிளந்து மாமா அடுப்போரம் சரிந்தார். ரத்தம் தெறித்துக் கங்கு சீறியது. அத்தை, கொதித்துக்கொண்டிருந்த உலைப்பானையை வெறுங்கையால் தூக்கி அண்ணன் முகத்தில் கவிழ்த்தாள்.

அவருக்குக் கண் போனது, மாமாவுக்கு உயிர் போனது. எந்த வீட்டுக்கு முதலில் ஓடுவதென்று தெரியாமல் ஆற்றுக்கு நடுவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதார் எங்கள் அப்பா.

பெரியப்பா ஜெயிலுக்குப் போனார். சர்வேயர் போலீசோடு வந்து அடுப்படித் தரையைத் தோண்டி எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை அதைப் பெயர்த்தாள். கொப்புளம் ஆறாத கையோடு சுமந்து போய் ஆற்றில் எறிந்தாள்.

"கல் எங்கேம்மா?" என்று மறுபடி வந்தார் சர்வேயர்.

"எல்லை ஆத்துக்கு நடுவுலன்னு நீங்கதானே சொன்னீங்க? அங்கதான் போட்டிருக்கேன். முங்கி எடுத்துக்குங்க."

சுவர் ஓட்டையைத் தானே செங்கல் அறுத்து அடைத்தாள். சாகும்வரை அந்த அடுப்படியில்தான் சமைத்தாள். வேலையாக வருகிற அக்கரைக்காரர்கள் வெளியில் நின்றே குரல் கொடுப்பார்கள்:

"அக்கா, உலை வச்சிருக்கியா?"

இல்லை என்று பதில் வந்தால்தான் படியேறுவார்கள்.